கடுகை எடுத்தோம், கேரட் உள்ளே போனது

மூன்றரை வயதில் என் மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தது இவ்வளவுதான்: தயிர் சாதம், சர்க்கரை தொட்ட இட்லி, முறுகலான தோசை, அப்பளம், பால், பிஸ்கட். பழத்தில் வாழைப்பழம் மட்டும், அதிலும் கறுப்புப் புள்ளி விழாத பழம். காய் என்று எதுவும் கிடையாது. ஒன்றரை வயதில் பரங்கிக்காய் மசியலை வழித்து வழித்துச் சாப்பிட்ட பிள்ளை, இரண்டு வயதுக்குப் பிறகு ஒவ்வொரு காயாகக் கழித்துக்கொண்டே வந்தாள்.

நாங்கள் மதுரையில் இருக்கிறோம். வீட்டில் நான், மனைவி, என் அம்மா, மகள். நாங்கள் இருவரும் வேலைக்குப் போவதால் பகல் சாப்பாடு அப்பத்தா பொறுப்பு. இந்தப் பிரச்சினையை ஒழுங்காக உட்கார்ந்து பார்ப்பது என்று முடிவு செய்து, பல மாதங்கள் செய்துபார்த்ததை இங்கே எழுதுகிறேன். வேலை செய்ததும் இருக்கிறது, செய்யாததும் இருக்கிறது. இதே வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு தவிக்கிற யாருக்காவது உதவும் என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முதலில் டாக்டர்

சமையலறையில் எதையும் மாற்றும் முன் குழந்தை மருத்துவரிடம் போனோம். இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். மலச்சிக்கல் இருந்தால் பசி எடுக்காது. ரத்தசோகை இருந்தாலும் பசி குறையும். காய், கீரை சாப்பிடாததால் சோகை, சோகையால் பசியின்மை என்று அது சுற்றிச் சுற்றி வரும். குடற்புழு இருக்கலாம். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று தேசிய அளவில் வரும் குடற்புழு நீக்க நாட்களில் அங்கன்வாடியில் அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள். எங்கள் வீட்டில் கடைசியாக எப்போது கொடுத்தோம் என்று யாருக்கும் நினைவில்லை, அதனால் அதையும் டாக்டரிடம் கேட்டு முடித்தோம்.

விழுங்கும்போது அடிக்கடி புரையேறுவது, எடை குறைவது, ஒரே நிறத்தில் அல்லது ஒரே பக்குவத்தில் இருக்கும் உணவை மட்டும் ஏற்று மற்றதைப் பார்த்தாலே குமட்டுவது, சாப்பிட்டுக்கொண்டிருந்தவை ஒவ்வொன்றாகக் குறைந்து கடைசியில் விரல் விட்டு எண்ணும் அளவுக்கு வந்து நிற்பது, இவையெல்லாம் இருந்தால் வீட்டு வைத்தியம் போதாது. தனிப் பரிசோதனை வேண்டும். மகளுக்கு அந்த அளவுக்கு இல்லை. எடை, உயரம் இரண்டும் வளர்ச்சி வரைபடத்தில் அவளுக்கு உரிய கோட்டிலேயே ஏறிக்கொண்டிருந்தன.

அந்த வரைபடம்தான் பின்னால் எங்கள் அம்மாவைச் சமாதானப்படுத்த உதவியது. குழந்தை பிறந்த முதல் வருடத்தில் எடை மூன்று மடங்காகிறது. இரண்டு வயதுக்குப் பிறகு வருடத்துக்குச் சுமார் 2 கிலோதான் கூடும். வளரும் வேகம் குறைந்தால் பசியும் குறையத்தான் செய்யும். அதே வயதில்தான் புதிதாகப் பார்க்கும் உணவின் மேல் பயமும் வருகிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது இரண்டிலிருந்து ஆறு வயது வரை நீடிக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் வருவதால் "நல்லா சாப்பிட்ட பிள்ளை திடீர்னு மாறிடுச்சு" என்று நமக்குத் தோன்றுகிறது.

டாக்டர் கேட்ட கேள்விகளில் ஒன்றுதான் எங்களைத் திருப்பிப் போட்டது. "ஒரு நாளைக்கு எவ்வளவு பால்?" காலையில் ஒரு டம்ளர், பதினொரு மணிக்கு ஒன்று, மாலையில் ஒன்று, தூங்கும் முன் ஒன்று. நான்கிலும் சத்துப் பவுடர். கூட்டிப் பார்த்தால் முக்கால் லிட்டருக்கும் மேல் போனது. அரை லிட்டரோடு நிறுத்தச் சொன்னார். பால் வயிற்றை நிரப்பிவிடும், அதில் இரும்புச்சத்தும் மிகக் குறைவு. பவுடரையும் நிறுத்தினோம். சர்க்கரை அதிகமுள்ள அப்படிப்பட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் வைத்து விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசே இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொல்லியிருக்கிறது.

நோட்டுப் போட்டுப் பார்த்தது

அடுத்த வேலை, கவனித்து எழுதுவது. ஒரு பழைய நோட்டை அடுப்படியில் தொங்கவிட்டு, யார் ஊட்டினாலும் அவர் எழுத வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். என்ன சாப்பிட்டாள் என்பதைவிட எதை எந்த நிலையில் மறுத்தாள் என்பது முக்கியம். பார்த்ததுமா, முகர்ந்ததுமா, வாயில் வைத்ததுமா, மென்ற பிறகா? அம்மாவுக்கு முதலில் இது வீண் வேலையாகத் தெரிந்தது. ஆனால் நோட்டில் அதிக விவரம் எழுதியதும் அவர்தான். "அவரைப் பொரியல். வாயில் வாங்கினாள். மென்றாள். உளுந்து கடிபட்டதும் துப்பினாள்." அந்த ஒரு வரியில்தான் விஷயம் பிடிபட்டது.

அதன் பிறகு நோட்டைப் புரட்டினால் எல்லா இடத்திலும் அதுவே. கேரட் பொரியலில் கறிவேப்பிலையை எடுத்துத் தட்டின் ஓரம் வைத்திருக்கிறாள். கோஸ் பொரியலில் கடுகைப் பார்த்து "பூச்சி" என்றிருக்கிறாள். வாழைப்பழத்தில் கறுப்புப் புள்ளி ஆகாது என்று அவள் அடம்பிடிப்பதாக நாங்கள் நினைத்ததும் இதே கணக்கில்தான் வருகிறது. அவளுக்குச் சிக்கல், மெத்தென்ற ஒன்றுக்குள் எதிர்பாராமல் வரும் கறுப்பும் கடினமும். நம் வீட்டுப் பொரியல் எல்லாமே அப்படித்தானே? மெத்தென்று வெந்த காய், அதில் வெடிக்கும் கடுகு, நறுக்கென்ற உளுந்து, நார் போன்ற கறிவேப்பிலை, எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாத மிளகாய். பெரியவர்களுக்கு அதுதான் ருசி. மூன்று வயது வாய்க்கு அது ஒவ்வொரு கவளத்திலும் ஒரு அதிர்ச்சி.

சரியா என்று பார்க்க, ஒரே கேரட்டை இரண்டாகப் பிரித்துச் செய்தோம். ஒன்று வழக்கமான பொரியல். இன்னொன்று விரல் நீளத் துண்டுகளாக இட்லிப் பானையில் வேகவைத்து, அரைத் தேக்கரண்டி நெய், ஒரு சிட்டிகை உப்பு. இரண்டையும் தட்டில் தள்ளித் தள்ளி வைத்தோம். பொரியலைத் தொடவில்லை. நெய்க் கேரட்டில் ஒன்றை எடுத்து நக்கினாள், நுனியைக் கடித்தாள், மீதியை வைத்துவிட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு ஒரு காய் வாய்க்குள் போய்த் திரும்பி வராமல் இருந்தது அன்றுதான். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

நோட்டு காட்டிய இன்னொன்று நேரம். பதினொரு மணிக்குப் பால், பன்னிரண்டே முக்காலுக்குச் சோறு. நான்கு மணிக்கு பிஸ்கட், ஆறு மணிக்கு முறுக்கு, ஏழரைக்கு இட்லி. எந்த வேளையிலும் அவள் பசியோடு உட்காரவே இல்லை. மூன்று சாப்பாடு, நடுவில் இரண்டு சிறுதீனி, ஒவ்வொன்றுக்கும் இடையில் இரண்டரை மணி நேரமாவது இடைவெளி, அந்த இடைவெளியில் தண்ணீர் மட்டும் என்று மாற்றினோம். பிஸ்கட் டப்பாவை இடம் மாற்றி ஒளிக்கவில்லை, வாங்குவதையே நிறுத்தினோம். கண்ணில் பட்டால் கேட்பாள், கேட்டால் அப்பத்தா மனசு தாங்காது.

ஊட்டுவதை விட்டது

இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை, எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு. அதுவரை மதியச் சாப்பாடு எப்படி நடந்தது என்றால், செல்போனில் பாட்டு ஓடும், பிள்ளை வாயைத் திறந்தபடி பார்க்கும், அப்பத்தா கவளத்தை உள்ளே தள்ளுவார். உள்ளே என்ன போகிறது என்று பிள்ளைக்கே தெரியாது. தெரியாமல் சாப்பிட்டது எப்படிப் பழக்கமாகும்?

எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் சொன்ன ஒரு பங்கீடு உண்டு. என்ன, எப்போது, எங்கே என்பதைப் பெற்றோர் முடிவு செய்ய வேண்டும். சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பதைப் பிள்ளை முடிவு செய்ய வேண்டும். அதை எங்கள் வீட்டுக்கு ஏற்றபடி எடுத்துக்கொண்டோம். எல்லோரும் தரையில் பாய் விரித்து ஒன்றாக உட்காருவோம். போன் கிடையாது, பெரியவர்களுக்கும் சேர்த்து. அவள் தட்டில் கட்டாயம் அவளுக்குப் பழகிய ஒன்று இருக்கும், தயிர் சாதமோ தோசையோ. பக்கத்தில் அன்றைக்கு நாங்கள் சாப்பிடும் காயில் பட்டாணி அளவு. "ஒரு வாய் சாப்பிடு" என்று யாரும் சொல்லக் கூடாது. அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுவோம்.

முதல் வாரம் அவள் சாப்பாடு நன்றாகக் குறைந்தது. அம்மா பொறுக்க மாட்டாமல், "பிள்ளை வயிறு ஒட்டிக் கெடக்கு, நீ வேடிக்கை பாத்துக்கிட்டு இருக்கியேப்பா" என்றார். அவர் கவலை நியாயமானது. பேரப்பிள்ளையின் வயிறு நிறைந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். அவரிடம் வரைபடத்தைக் காட்டி, அடுத்த முறை எடை பார்க்கும் வரை பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். கூடவே கிளாரா டேவிஸ் என்ற மருத்துவரின் பழைய ஆய்வையும் சொன்னேன். 1920களிலும் 30களிலும் அமெரிக்காவில் பால் மறந்த 15 குழந்தைகளுக்கு 34 வகை உணவுகளை முன்னால் வைத்து, எதை வேண்டுமானாலும் எடுக்க விட்டார். ஒரு வேளை வெறும் முட்டை, இன்னொரு வேளை வெறும் வாழைப்பழம் என்று தாறுமாறாகத்தான் சாப்பிட்டார்கள். ஆனால் பல நாள் கணக்கைக் கூட்டியபோது நன்றாக வளர்ந்திருந்தார்கள். அந்த 34 வகையில் சர்க்கரையோ பிஸ்கட்டோ எதுவும் இல்லை என்பதைத்தான் நான் அம்மாவிடம் அழுத்திச் சொன்னேன். நல்லதை மட்டும் முன்னால் வைத்தால் பிள்ளையின் பசியை நம்பலாம். அதற்குப் பிறகு நாங்களும் வேளைக் கணக்கை விட்டுவிட்டு வாரக் கணக்குப் பார்க்க ஆரம்பித்தோம்.

அடுத்த முறை எடை பார்த்தபோது குறையவில்லை. அம்மா அதன் பிறகு என்னைவிட உறுதியாக நின்றார்.

தயிர் சாதத்திலிருந்து தொடங்கிய பாதை

புதுக் காயைத் தனியாக அறிமுகப்படுத்துவதைவிட, பிடித்த உணவிலிருந்து ஒவ்வொரு அடியாக நகர்த்துவது நன்றாக வேலை செய்தது. எங்களுக்குத் தயிர் சாதம் வசதியாக அமைந்தது. முதலில் தாளிக்காத தயிர் சாதத்தின் மேல் மாதுளை முத்துகள், அவளே தூவிக்கொள்ள ஒரு கிண்ணத்தில். சிவப்பாகப் பளபளக்கும், கடித்தால் இனிப்பு. அது பழகியதும் துருவிய வெள்ளரிக்காய், தோலும் விதையும் நீக்கி. அப்புறம் மெல்லிதாகத் துருவி ஆவியில் வாட்டிய கேரட். கடைசியில் பீட்ரூட்.

பீட்ரூட்டுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வேகவைத்துத் துருவிய பீட்ரூட்டில் ஒரு தேக்கரண்டியைக் கிண்ணத்தில் கொடுத்து, தயிரில் அவளையே கலக்கச் சொன்னோம். தயிர் ரோஸ் நிறமாவதைப் பார்த்து அவளுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அன்று ருசி பார்த்ததைவிடக் கலக்கி விளையாடியதுதான் அதிகம், ஆனால் ருசியும் பார்த்தாள். இப்போது ரோஸ் தயிர் சாதம் எங்கள் வீட்டில் வாராவாரம் உண்டு. மறுநாள் மலமோ சிறுநீரோ சிவப்பாக இருந்தால் பதற வேண்டாம், பீட்ரூட்டின் நிறம்தான் அது.

வெண்டைக்காய்

வெண்டைக்காய்க்குத்தான் அதிக முயற்சி எடுத்தோம், ஏனென்றால் மதுரைச் சந்தையில் வருடம் முழுவதும் இளசாகக் கிடைக்கும் காய் அது. மறுப்புக்குக் காரணம் தெளிவாகத் தெரிந்தது. "வழவழன்னு இருக்கு, அப்பத்தா." அந்த வழவழப்பு, காயின் பசைநார் தண்ணீரோடு சேரும்போது வருகிறது. தண்ணீர் சேராமல் பார்த்தால் போதும்.

200 கிராம் இளம் வெண்டைக்காயை முழுசாகக் கழுவி, துணியில் ஈரம் போகத் துடைத்து, அரை மணி நேரம் உலரவிட வேண்டும். நறுக்கிய பிறகு கழுவவே கூடாது.  வட்டமாக நறுக்காமல் நீளவாக்கில் நான்காகக் கீறினோம். கையில் பிடித்துக் கடிக்கவும் வசதி. அகலமான இரும்பு தோசைக்கல்லில் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய், நல்ல சூடு, காய் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, மூடாமல் வதக்க வேண்டும். மூடினால் நீராவி திரும்ப விழுந்து வழவழப்பு வந்துவிடும். ஓரம் பழுப்பானதும் ஒரு தேக்கரண்டி கெட்டித் தயிர், ஒரு தேக்கரண்டி கடலை மாவு, ஒரு சிட்டிகை மஞ்சள் தூள். தயிரின் புளிப்பு மிச்சப் பசையையும் எடுத்துவிடும். உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும்; முன்னால் போட்டால் காய் தண்ணீர் விடும்.

முதல் முறை தொட்டுப் பார்த்தாள். அடுத்த முறைகளில் அப்பளம் போல முறுகின நுனியை மட்டும் கடித்தாள். பல முறை தட்டில் வந்து போன பிறகு ஒரு நாள் நான் கவனிக்காதபோது என் தட்டிலிருந்து எடுத்துத் தின்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பாராட்டினால் மறுபடி எல்லோர் கண்ணும் அவள் வாய் மேல் போய்விடும். ஒரு புது ருசி பிடிபட 8 முதல் 15 முறை வரை சுவைக்க வேண்டியிருக்கும் என்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் மூன்றாவது நான்காவது முறையிலேயே "இவளுக்குப் பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

கீரை

கீரையில் நாரும் தண்டும்தான் தொந்தரவு. சிறுகீரையில் இலையை மட்டும் ஆய்ந்து, பாசிப்பருப்போடு பூண்டு இரண்டு பல் போட்டு, கீரைச் சட்டியில் மத்தால் கடைந்து, நெய் ஊற்றிச் சோற்றில் பிசைந்தோம். பச்சை நிறத்தைப் பார்த்ததும் முகம் திருப்பினாள். இதில் எங்களுக்குக் கை கொடுத்தது நிலாச்சோறு.

கோடை விடுமுறைக்கு என் தங்கையின் பிள்ளைகள் வந்திருந்தார்கள். பௌர்ணமியை ஒட்டி மொட்டை மாடியில் அம்மா ஒரே குண்டானில் கீரைச் சோறு பிசைந்து, சுற்றி உட்கார்ந்த பிள்ளைகள் கையில் ஆளுக்கு ஓர் உருண்டையாக வைத்தார். பெரிய பிள்ளைகள் "எனக்கு, எனக்கு" என்று கை நீட்ட, இவளும் நீட்டினாள். அரை உருண்டை போனது. மறுநாள் கீழே சமையலறையில் அதே கீரைச் சோறு, வேண்டாம் என்றுவிட்டாள். அடுத்த இரவு மாடியில் மறுபடி சாப்பிட்டாள். தங்கை பிள்ளைகள் ஊருக்குப் போவதற்குள் கீழேயும் சாப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

லியான் பர்ச் என்ற ஆராய்ச்சியாளர் 1980இல் இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார். தனக்கு அவ்வளவாகப் பிடிக்காத ஒரு காயை விரும்பிச் சாப்பிடும் பிள்ளைகளோடு சில நாள் ஒன்றாக உட்காரவைத்தால், குழந்தையின் தேர்வும் அவர்கள் பக்கம் சாய்கிறது. நம் கூட்டுக் குடும்பங்களில் இது யாரும் சொல்லிக்கொடுக்காமலே நடந்துகொண்டிருந்தது. இப்போது ஒற்றைப் பிள்ளை, முன்னால் ஒரு போன், எதிரே கவலையோடு ஒரு பெரியவர். வேறு பிள்ளை சாப்பிடுவதைப் பார்க்கும் வாய்ப்பே இல்லை. அதனால் வாரம் ஒருநாளாவது மேல்வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து உட்காரவைக்கிறோம்.

முருங்கைக்கீரையைப் பொடியாக நறுக்கி அடையில் போட்டால் சாப்பிடுகிறாள். கீரையிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேர வைட்டமின் சி உதவும், அதனால் அந்த வேளையில் ஒரு ஆரஞ்சுச் சுளையோ எலுமிச்சைச் சாறு பிழிந்த தண்ணீரோ உண்டு. கீரை உருவுவது அவள் வேலை. அப்பத்தாவும் பேத்தியும் முறத்தை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அவரைக்காய்க்கு நார் எடுப்பது, பட்டாணி உரிப்பது எல்லாம் இப்போது அவள் பொறுப்பில். பட்டாணியைப் பச்சையாகவே இரண்டு மூன்று வாயில் போட்டுக்கொள்வாள். தட்டில் வைத்தால் தொடாததை முறத்திலிருந்து எடுத்துத் தின்பாள். அங்கே அவளை யாரும் சாப்பிடச் சொல்வதில்லை என்பதுதான் வித்தியாசம் என்று நினைக்கிறேன்.

மாடியில் இரண்டு பையில் கீரை விதைத்தோம். சிறுகீரை ஒரு மாதத்துக்குள் பறிப்புக்கு வந்துவிடும், வெந்தயக்கீரை அதற்கும் முன்னாலேயே. பிள்ளையின் பொறுமைக்கு ஏற்ற பயிர் இவைதான். தக்காளியும் வைத்தோம், அது காய்ப்பதற்குள் அவளுக்கு ஆர்வம் போய்விட்டது.

மறைத்துக் கொடுப்பது, லஞ்சம் கொடுப்பது

கேரட்டை அரைத்துத் தோசை மாவில் கலப்பது, கீரையைச் சப்பாத்தி மாவில் பிசைவது இதெல்லாம் எல்லா வீட்டிலும் செய்வதுதான். சத்து உள்ளே போகிறது, நல்லது. ஆனால் கேரட்டை அவள் சந்திக்கவே இல்லையே. அதனால் நாங்கள் கலக்கும்போது சொல்லிவிடுகிறோம், முடிந்தால் அவளையே மாவில் போடச் சொல்கிறோம். தெரியாமல் கலந்து பிள்ளை ஒருநாள் கண்டுபிடித்துவிட்டால், தோசை மேலேயே சந்தேகம் வந்துவிடும். இருக்கும் நாலு உணவில் ஒன்றையும் இழக்க நாங்கள் தயாராக இல்லை.

"காய் சாப்பிட்டா சாக்லேட்" என்பதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. 1984இல் அதே பர்ச்சும் உடன் பணியாற்றியவர்களும் பிள்ளைகளுக்குக் கெஃபீர் என்ற தயிர் போன்ற பானத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். குடித்தால் பரிசு, பாராட்டு என்று சொல்லிக் கொடுத்த பிள்ளைகளுக்கு அந்தப் பானம் முன்பைவிடப் பிடிக்காமல் போனது. சும்மா கொடுத்த பிள்ளைகளுக்கு அப்படி ஆகவில்லை. பரிசு கொடுத்துச் சாப்பிட வைக்கிறார்கள் என்றால் இது நல்லதாக இருக்காது என்று பிள்ளை சரியாகவே கணக்குப் போடுகிறது.

பழங்கள்

பழத்துக்கு இவ்வளவு போராட்டம் இல்லை, ஒவ்வொன்றிலும் எது தடை என்று பார்த்தால் போதும். கொய்யாவில் விதை தடை. நடுப்பகுதியை எடுத்துவிட்டு, நீளத் துண்டாக, உப்பும் துளி மிளகாய்த்தூளும் தொட்டுக் கொடுத்தால் ஓடி வருகிறாள். ஆரஞ்சில் சுளையின் தோல் தடை, உரித்துவிட்டால் சரி. பப்பாளியில் வாசனை தடை. குளிர்ந்தால் வாசனை அடங்கும், அதனால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சிறு சதுரங்களாக எலுமிச்சை பிழிந்து கொடுத்தோம். பாதி வெற்றி. மாம்பழத்துக்கு எந்த வித்தையும் தேவைப்படவில்லை. நுங்கு அப்படியே போகிறது.

வாழைப்பழத்தில் புள்ளிப் பிரச்சினையைச் சந்தையில்தான் தீர்த்தோம். ஞாயிறு காலையில் அண்ணா நகர் உழவர் சந்தைக்கு அவளையும் கூட்டிப் போகிறேன். 1999 நவம்பரில் தமிழ்நாட்டில் முதன்முதலாகத் திறந்த உழவர் சந்தை அதுதான். தட்டுத் தட்டாகக் காய் குவிந்திருக்கும். கொடைக்கானல் பக்கத்துக் கேரட் சில நாள் இலையோடு வரும். அவளிடம் ஒரு சின்னப் பை கொடுத்து, ஒரு காயும் ஒரு பழமும் அவள் இஷ்டம் என்று விட்டுவிடுவேன். சிறுமலைப் பழம் விற்ற அம்மா, "இந்தத் தோலு கறுத்தாத்தான்டா தங்கம் இனிக்கும்" என்று உரித்துக் கையில் கொடுத்தார். நாங்கள் சொல்லிக் கேட்காதவள் அவர் சொல்லித் தின்றாள்.

பழச்சாறு வேண்டாம் என்று வைத்திருக்கிறோம். நார்ச்சத்து போய் இனிப்பு மட்டும் மிஞ்சுகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பின் 2017 பரிந்துரையில் மூன்று வயது வரை நாளைக்கு 120 மில்லிக்கு மேல் வேண்டாம் என்று இருக்கிறது.

பாதுகாப்பு பற்றி ஒன்று. திராட்சையை முழுசாகக் கொடுக்கக் கூடாது. நீளவாக்கில் நான்காக நறுக்க வேண்டும். பச்சைக் கேரட் துண்டு, முழு வேர்க்கடலை, கெட்டியான ஆப்பிள் துண்டு இவை நான்கைந்து வயது வரை தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. கேரட் இரண்டு விரலுக்கு நடுவில் அழுத்தினால் நசுங்கும் பக்குவத்துக்கு வெந்திருக்க வேண்டும். ஓடிக்கொண்டோ படுத்துக்கொண்டோ சாப்பிட விடக் கூடாது.

இப்போது எப்படி இருக்கிறது

உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இரண்டிலிருந்து ஐந்து வயது வரை நாளைக்குக் குறைந்தது 250 கிராம் காய், பழம் என்று சொல்கிறது. பழம் இரண்டு வேளை, காய் இரண்டு வேளை என்று பிரித்தால் அது எட்டக்கூடிய அளவுதான். மாம்பழ சீசனில் எளிதாக எட்டிவிடுகிறாள். மற்ற நாளில் பாதியைத் தாண்டுகிறாள், சில நாள் அதுவும் இல்லை.

சாப்பிடுபவை: கேரட், பீட்ரூட், வெண்டைக்காய், வெள்ளரி, பட்டாணி, கீரைச் சோறு, முருங்கைக்காயின் சதை, பரங்கிக்காய். பொரியலில் இப்போது அவளுக்கு எடுத்து வைத்த பிறகுதான் தாளிக்கிறோம். சில வாரங்களாகச் சீரகம் மட்டும் பொரித்துப் போட்டுப் பார்க்கிறோம், அதை ஒதுக்குவதில்லை. கடுகு இன்னும் ஆகவில்லை, அவசரமும் இல்லை.

கோஸ் பாதியில் நிற்கிறது. அதிக நேரம் வெந்தால் கந்தக வாடை கிளம்பும், அதனால் நல்ல சூட்டில் மூன்று நான்கு நிமிடத்தில் இறக்கிவிடுகிறோம். அப்படிச் செய்தால் தொடுகிறாள். கத்தரிக்காய், புடலங்காய், சேனை மூன்றும் தட்டுக்கு வருகின்றன, போகின்றன. பாகற்காயை அவள் முன் நாங்கள் சாப்பிடுகிறோம், அவ்வளவுதான். கசப்பைப் பிள்ளைகள் பெரியவர்களைவிடக் கூர்மையாக உணர்கிறார்கள், அதில் ஆளுக்கு ஆள் பிறவி வித்தியாசமும் உண்டு. வற்புறுத்தினால் மற்ற காய்களின் மேலும் வெறுப்பு வந்துவிடும்.

ஜூனில் எல்கேஜி. டப்பாவுக்கு இப்போதே ஒத்திகை பார்க்கிறோம். மூடி வைத்த டப்பாவில் ஆவி இறங்கி வெண்டைக்காய் நமுத்துப்போகிறது, நன்றாக ஆறிய பிறகு மூடினால் பரவாயில்லை. நெய்க் கேரட் மதியம் வரை நன்றாக இருக்கிறது. கொய்யாத் துண்டு கறுக்காமல் இருக்க எலுமிச்சை தடவ வேண்டும். கறுப்பு என்றால் எங்கள் வீட்டில் நடக்காது. சப்போட்டா மட்டும் எப்படி வைத்தாலும் குழைந்துவிடுகிறது, அதை மாலைக்கு வைத்துக்கொள்கிறோம்.